சர்க்கரையில் ரெண்டு சொட்டு

கோத்தகிரிக்குக் கீழே, தைலமரக் காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவில், இருபத்துமூன்று வீடுகளும் ஒரு ரேஷன் கடையும் ஒரு மாரியம்மன் கோயிலுமாகச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற கரிமட்டத்தில், ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சாந்தாமணியின் வலது கையிலிருந்து லாவெண்டர் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. அதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. வருஷத்தில் ஆறு மாதம் மேகம் வாசல் வழியாக வந்து அடுப்பங்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஊர் அது. காட்டெருமை வந்து ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விடுகிற ஜனங்கள் அவர்கள். ஒரு பொம்பளையின் விரலில் எண்ணெய் வருகிறது என்றதும், "வந்தா வரட்டும், எதுல புடிக்கறது?" என்றுதான் கேட்டார்கள்.

கரிமட்டத்துக்குப் பிழைப்பே தைலம்தான். ஓடையோரம் போஜன் என்பவருடைய தைலக் கொட்டகை இருந்தது. தைலமர இலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து பெரிய இரும்புப் பானைக்குள் கொட்டி, காலால் மிதித்து அடைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி, அடியில் தீ மூட்டினால், ஆவி குழாய்க்குள் ஏறி, குழாய் ஓடைத் தண்ணீருக்குள் இறங்கிக் குளிர்ந்து, கடைசியில் தண்ணீரும் தைலமுமாகத் தகர டின்னில் வந்து விழும். மேலே மிதக்கிற தைலத்தை அகப்பையால் வழித்து எடுத்துக்கொள்வார்கள். சாந்தாமணி இலை மிதிப்பவள். அவள் புருஷன் மாரப்பன் தீ பார்ப்பவன். கல்யாணமான ஒன்பது வருஷமும் அவள் பானைக்கு மேலேயும் அவன் பானைக்குக் கீழேயுமாக நின்றே குடித்தனம் நடத்திவிட்டார்கள். தைலம் சுத்தமா கலப்படமா என்று பார்க்க, போஜன் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றாட வைப்பார். கலப்படமென்றால் எண்ணெய்க் கறை நிற்கும். சுத்தமான தைலமென்றால் கொஞ்ச நேரத்தில் தாள் வெறும் தாளாகிவிடும். "பாத்தயா, தடமே இல்ல" என்று தாளைத் தூக்கிக் காட்டுவார். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுவார்.

தைலம் காய்ச்சுகிற ஊரில் எல்லாவற்றுக்கும் தைலம்தான் மருந்து. தலைவலிக்கு நெற்றியில், மூட்டுவலிக்கு முட்டியில், மூக்கடைப்புக்கு வெந்நீரில். குழந்தைகளுக்கு இருமல் வந்தால் சர்க்கரையில் ரெண்டு சொட்டு. அந்தக் கடைசி வைத்தியத்தை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது; கடையில் விற்கிற சின்னச் சீசாவில் 'உட்கொள்ளக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பதெல்லாம் கடையில் வாங்குகிறவர்களுக்கு, காய்ச்சுகிறவர்களுக்கு அல்ல என்பது கரிமட்டத்தின் எண்ணம். கொட்டகையிலிருந்து குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றி, வாய்க்குத் துணியைச் சுருட்டி அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சொட்டு விடும் மூடி கிடையாது, கைதான் சொட்டு.

சாந்தாமணிக்கும் மாரப்பனுக்கும் ஒரே பெண். பெயர் தாரணி, வயது ஆறு. தன் வீட்டில் தங்காத குழந்தை அது. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு வீட்டில் வடை, ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் கோழிக்குஞ்சு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் டீத்தண்ணி வைத்துவிட்டு சாந்தாமணி சந்தில் நின்று "தாரணீ..." என்று ஒரு குரல் விட்டால், முதல் வீட்டுக்காரி "தாரணி, உன்ற அம்மா கூப்படறா" என்பாள், அதைக் கேட்டு அடுத்த வீடு கூப்பிடும், அடுத்த வீட்டைக் கேட்டு அதற்கடுத்தது, இப்படி அந்தப் பேர் சரிவு முழுக்க இறங்கிப்போய்க் கடைசி வீட்டில் எங்கேயோ ஒளிந்திருக்கிறவளைத் தேடிப் பிடித்து அனுப்பிவைக்கும்.

ஒரு மார்கழி மாதத்து மதியம் தாரணி இருமிக்கொண்டே இருந்தாள். சாந்தாமணி கரண்டியில் சர்க்கரையைப் போட்டாள். பாட்டிலின் துணியைப் பிடுங்கிச் சாய்த்தாள். ரெண்டு சொட்டு என்றுதான் சாய்த்தாள், குபுக்கென்று கரண்டி நிறைய விழுந்துவிட்டது. கொட்ட மனசு வரவில்லை. இருமல் சீக்கிரம் நிற்கட்டுமே என்று நினைத்தாள். குழந்தை எரிகிறது என்றது, அவள் முழுங்கு என்றாள், குழந்தை முழுங்கியது. கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிட்டது, குழந்தை தூங்கிவிட்டது. சாந்தாமணி சந்தோஷப்பட்டாள், சந்தோஷப்பட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுப்பினால் குழந்தை எழுந்திருக்கவில்லை, கை கால் இழுத்துக்கொண்டது. போஜனுடைய ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் எஸ்தர் சிஸ்டர் வந்து, "கொழந்தைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள். எஸ்தர் புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருகிற நர்ஸ், கன்னத்தில் மச்சம், காலில் எப்போதும் கேன்வாஸ் ஷூ. சாந்தாமணி வாயைத் திறப்பதற்குள் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்தாற்போலப் பதில் சொன்னார்கள். "ஒண்ணும் குடுக்கலீங்க சிஸ்டர். சளி நெஞ்சுல கட்டிருச்சுங்க." அவர்கள் சாந்தாமணியைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள் என்று நினைத்தால் பாதிதான் சரி. அந்தப் பெண்களில் சர்க்கரைக் கரண்டியைப் பிடிக்காத கை ஒன்றுகூட இல்லை. சாந்தாமணியின் கை செய்தது தப்பென்றால் எல்லாக் கையும் செய்தது தப்பு. ஆகையால் சளி என்று முடிவாயிற்று, மேலே விதி என்றும் சேர்த்துக்கொண்டார்கள், அன்றைக்கே ஊருக்குத் தூக்கம் போய்விட்டது.

பதினேழாம் நாள் அவள் இலை மிதிக்கப் போனாள். மத்தியானம் தைலம் வழிக்கும்போது டின்னில் வேறொரு வாசம் வந்தது. தைலத்தின் முகத்திலடிக்கிற காரமில்லை. சலவைத் துணியும் மழைக்கு முந்தின மண்ணும் எங்கேயோ ஒரு பூவுமாகக் கலந்த வாசம். போஜன் டின்னை முகர்ந்தார், அகப்பையை முகர்ந்தார், கடைசியில் சாந்தாமணியின் கையைப் பிடித்து முகர்ந்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், கரண்டி பிடிக்கிற அந்த இரண்டு விரலின் நுனியில், வெளிர் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. அவர் ஒரு தாளை எடுத்து அதில் விடச் சொன்னார். தாள் காய்ந்தது. தடமே இல்லை.

குன்னூரிலிருந்து தைலம் எடுக்க வருகிற ஏஜென்ட் மோந்து பார்த்து, "இது லாவெண்டர் எண்ணெயாச்சே, வெளிநாட்டுச் சரக்கு" என்றார். லாவெண்டர் செடியைக் கரிமட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. பவுடர் டப்பாவில் ஊதாப் பூவாகப் படம் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். அது போதுமென்று இருந்தது. முதல் வாரமே பக்கத்து வீட்டு ருக்குமணி ஒரு டானிக் பாட்டிலைக் கொண்டுவந்து, "அக்கா, தலகாணில போட ஒரு ரெண்டு சொட்டு" என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் முகம் தெளிந்து வந்து, "படுத்ததுதான் தெரியும், கோழி கூப்பட்டதுதான் தெரியும்" என்றாள். அதற்கு மறுநாள் சாந்தாமணி வீட்டு வாசலில் பதினொரு பாட்டில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. யாருக்கு முதலில் என்று ஒரு சண்டை வந்தது, சண்டை கோயில் கமிட்டிக்குப் போனது, கமிட்டி உட்கார்ந்து செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்று முறை போட்டது. சாவுத்தீட்டு இருக்கிற கையில் வருகிற எண்ணெயைக் கோயில் விளக்குக்கு ஊற்றலாமா என்று பூசாரி ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் தலையணைக்கு ஊற்றலாம், சாமிக்கு ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று அவரே ஒரு பதிலும் சொல்லிவிட்டு, தன் பாட்டிலை நீட்டினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் தோட்டக்கலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. பயிர் செய்யும் பரப்பு எத்தனை ஏக்கர், பாசனம் எந்த வகை என்று கேட்டிருந்தது. வாத்தியார் பரப்பு என்ற இடத்தில் 'இரண்டு விரல்' என்றும், பாசனம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து ஒன்றும் எழுதாமலும் அனுப்பிவைத்தார்.

எஸ்தர் சிஸ்டர்தான் பயந்தாள். அதிசயத்துக்கு அல்ல, ஜனங்களுக்கு. புதன்கிழமை தோறும் கோயில் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "அப்பிடியே எடுத்துப் பூசக் கூடாது. ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்ல ரெண்டு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம். மொதல்ல முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்க, அரிச்சா, செவந்தா, விட்டுருங்க. சுட்ட காயத்துக்கு மொதல்ல பச்சத் தண்ணி, எடுத்ததும் எண்ணெய் இல்ல. கண்ணுல படக்கூடாது. கைக்கொழந்தைக்குக் கிட்டவே வேண்டாம், முழுகாம இருக்கறவங்க டாக்டரைக் கேக்காமத் தொடாதீங்க. வாய்க்குள்ள போகவே கூடாது. நல்ல வாசம்கறதுக்காக அது நல்லதுன்னு அர்த்தமில்ல." பெண்கள் தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குப் போய் ரெண்டு சொட்டை நாலு சொட்டாக்கினார்கள். ரேஷன் கடைக்காரர் அப்படியே நெற்றியில் பூசிக்கொண்டு ஒரு வாரம் பட்டையடித்த மாதிரி சிவந்த நெற்றியோடு சாமான் அளந்தார். பூசாரி வீட்டுப் பூனை சிந்தின எண்ணெயை நக்கிவிட்டு நடை தள்ளாடி, எச்சில் ஒழுக இரண்டு நாள் சாக்கில் சுருண்டு கிடந்தது. எப்படியோ பிழைத்து எழுந்தது, அதற்குப் பிறகு சாந்தாமணியைக் கண்டால் வேலி தாண்டி ஓடியது. ஊர் அந்தப் பூனையைப் பார்த்துச் சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை.

ஊர் தூங்கியது. பிள்ளையைப் பெற்ற பெண்கள், தங்கள் கையைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய முழித்துக் கிடந்தவர்கள், சாந்தாமணியின் கையிலிருந்து வந்ததைத் தலையணையில் விட்டுக்கொண்டு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார்கள். மாரப்பன்கூடத் தூங்கினான். அவளுக்கு மட்டும் அந்த வாசத்தில் தூக்கம் வரவில்லை. புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரோடொருவர் உப்பு, விறகு, தண்ணீர் என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. முன்பு தைல பாட்டில் இருந்த மாடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமலே வீட்டுக்குள் நடக்கப் பழகிவிட்டார்கள்.

சித்திரையில் ஒரு நாள், கொட்டகையில் போஜன் களிமண்ணில் வழுக்கி விழுந்து, எழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்து மறுபடியும் விழுந்ததைக் கண்டு, சாந்தாமணி அறியாமல் சிரித்துவிட்டாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அன்றைக்கு விரல் காய்ந்தது. மூன்று நாள் ஒரு சொட்டு வரவில்லை. வாசலில் வரிசையாகப் பாட்டில் நின்றது, ஊர் முழித்துக் கிடந்தது. நாலாம் நாள் காலையில் ருக்குமணி வந்து உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "தாரணி இருந்திருந்தா இந்நேரம் ரெண்டாங் கிளாசுக்குப் புது நோட்டு வாங்கியிருப்பா, இல்லீங்க்கா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சாந்தாமணியின் விரல் நுனியில் எண்ணெய் திரண்டு புடவையில் விழுந்தது. ருக்குமணி அவசரமாகப் பாட்டிலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு கரிமட்டத்தில் சாந்தாமணியை யாரும் சிரிக்கவைக்கவில்லை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது, கமிட்டிக்கும் போகவில்லை. ஆனாலும் அவள் வந்தால் வேடிக்கைப் பேச்சு நின்றுவிடும், கல்யாண வீட்டில் அவளுக்கு ஓரமாக இலை போடுவார்கள். முறை நாளில் பாட்டிலோடு வருகிற ஒவ்வொருத்தியும் தாரணியைப் பற்றி ஏதாவது ஒன்று கொண்டுவருவாள். எங்க வீட்டுல வடைய ஓட்ட போட்டு விரல்ல மாட்டிக்குவா. எங்க கோழிக்கு நாலு பேரு வெச்சா. எங்க வீட்டுக்காரரை அவதான் மாமான்னு கூப்படாம பேரு சொல்லிக் கூப்படுவா. சாந்தாமணி முட்டாள் இல்லை. ஊர் என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாசலைத் திறந்தே வைத்திருந்தாள், ஏனென்றால் அந்தப் பேரைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லை. போஜனுடைய வெள்ளைத்தாள் அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் ஓடியாடிய குழந்தை தாளில் விட்ட சொட்டாகப் போய்விட்டது. இவர்களும் பேசாமல் விட்டால் தடமே இருக்காது. புண்ணை ஆறவிடாமல் கிளறுகிறார்கள் என்றால் கிளறட்டும், அந்தக் கிளறலில் பிள்ளை பேர் இருக்கிறதல்லவா என்று நினைத்தாள்.

இப்படி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் போயிற்று.

மாசி மாதம் ஒரு காலை. ருக்குமணியின் பையன் சுதன், இரண்டு வயது, மூக்கில் ஒழுகிக்கொண்டு கொண்கொண்ணென்று இருமிக்கொண்டிருப்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் வழியாகக் கேட்டது. சாந்தாமணி சுக்கு கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே ருக்குமணி பையனைத் தொடைக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையில் கரண்டியும் வலது கையில் டானிக் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தாள். கரண்டியில் சர்க்கரை இருந்தது. சர்க்கரை நனைந்திருந்தது.

"ருக்கு, குடுக்காத."

"தைலமில்லீங்க்கா, லாவெண்டரு. நம்ம தைலமாட்டம் எரியாது. தாரணிக்கு அப்பறம் தைலத்த நான் தொடறதே இல்ல. இது சாந்தமானது, நீங்க குடுத்ததுதான? ரெண்டே சொட்டு..."

சாந்தாமணி கரண்டியைத் தட்டிவிட்டாள். அது சுவரில் பட்டு உருண்டது, பையன் வீரிட்டான், வாசம் அடுப்பங்கரை முழுக்க எழுந்தது. ருக்குமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா இது! காலங்காலமாக் குடுக்கறதுதான? நாம எல்லாருந் தின்னு வளந்ததுதான? நீங்களுந்தான தாரணிக்கு..."

அங்கே நின்றுவிட்டாள். ஊர் முழுக்கச் சேர்ந்து பதினாலு மாதம் பொத்திவைத்திருந்ததை அவள் வாய் பாதி திறந்துவிட்டது. இப்போதும் சாந்தாமணி பேசாமல் திரும்பி நடந்திருக்கலாம். சளி சளியாகவே இருந்திருக்கும், விதி விதியாகவே இருந்திருக்கும். முறை நாளில் பாட்டில்கள் வந்திருக்கும், பாட்டில்களோடு அந்தப் பேரும் வந்திருக்கும். சுதன் கீழே விழுந்த கரண்டியைப் பார்த்துக் கையை நீட்டி, அதில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கேட்டு அழுதான்.

"குடுத்தேன்," என்றாள் சாந்தாமணி. "சர்க்கரையிலதான் குடுத்தேன். ரெண்டு சொட்டுன்னு சாச்சேன், கரண்டி நெறைய உழுந்துருச்சு. கீழ ஊத்த மனசு வல்ல. எரியுதும்மான்னா. முழுங்கு கண்ணுன்னேன். நாஞ் சொன்னதுக்காக முழுங்குனா ருக்கு. தூங்கிட்டா. மருந்து வேல செஞ்சிருச்சுன்னு எனக்கு சந்தோசம். சந்தோசமா ஏனம் கழுவுனேன். சளியுமில்ல, விதியுமில்ல. நாங் குடுத்துத்தான் என்ற புள்ள செத்தா."

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். இரண்டு விரலும் காய்ந்திருந்தன. போஜன் விழுந்த அன்றைக்குக் காய்ந்த மாதிரி இல்லை. இலை மிதித்து, விறகு உடைத்து, வெடித்துப்போன ஒரு பொம்பளையின் விரல்கள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. ருக்குமணி பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள். சாந்தாமணி கரண்டியை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அப்படியே வீட்டுக்குப் போகவில்லை. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அதே வார்த்தைகளை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: குடுத்தேன், கரண்டி நிறைய, எரியுதுன்னா, முழுங்குன்னேன், செத்தா, நீ குடுக்காதே. சில வீட்டில் அழுதார்கள். சில வீட்டில், "இப்ப எதுக்கு இதெல்லாம், சாந்தாமணி" என்றார்கள். வாத்தியார் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தின கதவிடமே அவள் சொன்னாள். அன்று புதன்கிழமை. கோயில் முன்னால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த எஸ்தரிடமும் சொன்னாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்க்கா. அன்னைக்கு உங்க வீட்டுல வாசத்துலயே தெரிஞ்சுது. ஊரே ஒண்ணா நின்னு இல்லைன்னதும் பயந்துட்டேன். அடுத்த புதன் சொல்லலாம், அடுத்த புதன் சொல்லலாம்னே விட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க." சாந்தாமணிக்கு மன்னிக்கத் தெரியவில்லை, கோபித்துக்கொள்ளவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாகக் கொட்டகைக்குப் போனாள். மாரப்பன் பானைக்கு அடியில் விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அவள் மேலே ஏறாமல், அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னாள். அவன் தீயையே பார்த்துக்கொண்டு முழுசும் கேட்டான்.

"பாட்டில ஊட்டுக்குக் கொண்டாந்தது நானு," என்றான். "எப்பவும்போல மூடி போடல. துணி அடச்சேன். மூடி தேடியிருக்கோணும் சாந்தா. கொட்டாயிலயே எங்கயோ கெடந்திருக்கும். நான் தேடல."

அத்தனை மாதமும் அவன் தூங்கினான் என்று நினைத்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். அடுப்பு அணைந்தது, பானை ஆறியது, அன்றைய இலை முழுக்க வீணாயிற்று. போஜன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அன்றைக்கு சாந்தாமணி தூங்கினாள். ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கி எழுந்தாள். ஊர் மறுபடியும் முழித்துக்கொண்டது, இம்முறை தலையணையில் விட ஒன்றுமில்லை. பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள், எந்தெந்த இருமலுக்கு எத்தனை கரண்டி என்று நினைத்துப் பார்த்தார்கள், தங்கள் பிள்ளைகள் பிழைத்துக் கிடப்பதை எண்ணிப் பயந்தார்கள். பயம் கொஞ்ச நாளில் கோபமாயிற்று. "அவ வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பாட்டில்கள் வருவது நின்றது. பாட்டிலோடு வருகிற வடையும் கோழிக்குஞ்சும் புது நோட்டும் நின்றன. அவள் எதிரில் வந்தால் பாதையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இப்போது அவள் சிரித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் சிரிக்கவைக்கவும் ஆளில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பிள்ளையின் பேரை யாரும் சொல்லாததை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் மாரப்பனும் அவளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அது இரண்டு குரல்தான், சரிவு முழுக்க இறங்கிப் போகிற குரல் அல்ல. ஒரு நாள் போஜனின் தாள் ஒன்று காற்றில் பறந்து அவள் காலில் விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் வாசலில் உட்கார்ந்து இலைச் சாக்குக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ருக்குமணியின் குரல் உரக்கக் கேட்டது.

"தாரணி! ஏ தாரணி!"

ஊசி எங்கே விழுந்தது என்று தெரியாது. சாந்தாமணி எழுந்து ஓடினாள். அந்த நாலு அடியில் அவள் என்ன நினைத்துக்கொண்டு ஓடினாள் என்பதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உள்ளே சுதன், இப்போது மூன்றரை வயது, முக்காலி மேல் ஏறி நின்று, சுவரில் உயரமாக அடித்திருந்த ஒரு பலகையை எட்டிக்கொண்டிருந்தான். பலகையில் தைல பாட்டில், திருகு மூடி போட்டது. அம்மாவின் குரல் மறுபடியும் கேட்டதும் கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டு இறங்கினான்.

வாசலில் நின்றவளைப் பார்த்ததும் ருக்குமணியின் முகம் செத்துப்போயிற்று.

"அக்கா... கோவிச்சுக்காதீங்க. தொடாதேன்னா கேக்க மாட்டேங்கறான். இந்தப் பேரச் சொன்னா உடனே கைய எடுத்துக்கறான். எல்லா ஊட்டுலயும் இப்பிடித்தான் சொல்றோம். அடுப்பத் தொட்டாலும் இதான், பூச்சி மருந்தத் தொட்டாலும் இதான். எப்ப ஆரம்பிச்சுது, யாரு மொதல்ல சொன்னான்னு தெரியலீங்க. உங்களுக்குக் கேக்காம சொல்லோணும்னு பாத்தோம்..."

சுதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அது ஒரு பெண்பிள்ளையின் பேர் என்று அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அந்த வார்த்தைக்கு, கை வைக்காதே, செத்துப்போவாய், நீ எனக்கு வேண்டும் என்று அர்த்தம்.

"சத்தமாவே சொல்லு ருக்கு," என்றாள் சாந்தாமணி.

இன்றைக்கும் கரிமட்டத்தில் குழந்தைகளை அப்படித்தான் அதட்டுகிறார்கள். அந்தச் சாயங்காலம் சாந்தாமணி சந்தில் வந்து நின்றாள், முன்பு டீத்தண்ணி வைத்துவிட்டு வந்து நிற்கிற அதே இடத்தில். காது கொடுத்துக் கேட்டாள். ரேஷன் கடைக்காரர் வீட்டில் பையன் எவனோ வெந்நீர்ப் பானைப் பக்கம் போனான்போல. தாரணி என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பூசாரி வீட்டில். பிறகு வாத்தியார் வீட்டில். பிறகு கீழே, கடைசி வீட்டில், சன்னமாக. சரிவு முழுக்க அந்தப் பேர் இறங்கிப் போயிற்று. இருபத்திரண்டு வீடும் அவளைக் கூப்பிட்டன, ஒரு வீட்டிலும் அவள் இல்லை. சாந்தாமணி விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, உள்ளே போய் உலை வைத்தாள்.